கணினிக்காகக் காணியை விற்பதா?

மாங்காய் பழுக்கும் மாதம் வந்தால் தருமபுரி மாவட்டத்துக்கு வியாபாரிகள் வருவார்கள். தோப்பைப் பார்ப்பார்கள், காய்ப்பைப் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். இப்போது அதே மாதத்தில் இன்னொரு வியாபாரியும் வருகிறார். அவர் தோப்பைப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள்ளே பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கிறார்!

கையிலே வழவழப்பான தாள். தாளிலே பளிங்குக் கட்டடம். கட்டடத்தின் முன்னே நீரூற்று. நீரூற்றின் மேலே கொட்டை எழுத்தில், “கம்ப்யூட்டர் சயன்ஸ்!”

“கலந்தாய்வுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? முன்பணம் கட்டுங்கள், இடம் உறுதி, வேலையும் உறுதி” என்கிறார் வந்தவர். பாலக்கோட்டிலே தக்காளி பயிரிடும் தகப்பன் கேட்கிறான். பென்னாகரத்திலிருந்து பெங்களூர் சென்று சித்தாள் வேலை பார்க்கும் தாய் கேட்கிறாள். அன்றிரவு அவர்கள் வீட்டிலே உறக்கமில்லை. இருக்கும் ஒன்றரை ஏக்கர் மானாவாரியை விற்பதா, வேண்டாமா என்ற விவாதம் விடியும் வரை நடக்கிறது.

அண்ணா பல்கலைக் கழகம் நடத்தும் கலந்தாய்வில் நின்று அரசு இடம் தேடுவதா? பணம் கட்டித் தனியார் பல்கலைக் கழகத்தில் கணினி படிப்பதா? இதுதான் கேள்வி.

இது வீட்டு விவகாரம், இதிலே இயக்க ஏட்டுக்கு என்ன வேலை என்று கேட்பாருண்டு. வேலை இருக்கிறது, தோழர்களே! யார் எந்தக் கல்லூரிக்குள் நுழையலாம் என்ற கேள்வி இந்த நாட்டில் வீட்டுக்குள் மட்டும் என்றும் தீர்ந்ததில்லை. 1921ல் நீதிக்கட்சி ஆட்சி முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அந்த முறையை எதிர்த்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களைப் பங்கிடும் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. சில வாரங்களிலேயே இந்திய அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. மருத்துவக் கல்லூரி வழக்கு என்றே அதனைப் பலர் நினைக்கின்றனர். அதனோடு இணைந்து வந்த மற்றொரு மனு எதைப் பற்றியது தெரியுமா? சென்னைப் பொறியியல் கல்லூரியில் ஓர் இடத்தைப் பற்றியது! எழுபதாண்டுக்கு மேலாகியும் நம் பிள்ளைகள் அதே வாசலில்தான் நிற்கிறார்கள். பாடத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆகவே, வாசலிலிருந்தே ஆராய்வோம்.

பொதுவாசல் எப்படித் திறக்கிறது? கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என 200க்கு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 1984 முதல் நுழைவுத் தேர்வு என்றொரு காவல்காரன் அந்த வாசலில் நின்றான். பட்டணத்துப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கு வணக்கம் சொன்னான், பாப்பிரெட்டிப்பட்டிப் பையனைப் பார்த்துப் புருவம் நெரித்தான். கலைஞர் ஆட்சி கொண்டுவந்த சட்டம் 2007ல் நடைமுறைக்கு வந்து அவனை வீட்டுக்கு அனுப்பியது. 69 விழுக்காடு இடஒதுக்கீடு 1994 முதல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. 2021ல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காட்டை ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அவ்வாண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற புதுமைப்பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. ஆண்பிள்ளைக்கு அதே போன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ல் தொடங்கியது.

இவை யாரோ இரங்கிப் போட்ட பிச்சையல்ல. ஒவ்வொரு படியும் போராடிக் கட்டிய படி!

தனியார் பல்கலைக் கழகத்தின் வாசல் எப்படி? நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் இல்லை. தம் இடங்களைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. நாம் வீட்டுக்கனுப்பிய நுழைவுத் தேர்வை அவை அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கின்றன. 69 விழுக்காடு அங்கே படிக்கட்டுக்கு வெளியே நிற்கிறது, 7.5 விழுக்காடு தெருவிலே நிற்கிறது. 2005ல் நிறைவேறிய 93வது அரசியல் சட்டத் திருத்தம், தனியார் கல்வி நிலையங்களிலும் ஒதுக்கீடு செய்யச் சட்டம் இயற்றலாம் என்று அதிகாரம் தந்தது. 2014ல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. அதிகாரம் ஏட்டிலே இருக்கிறது, இடமோ நோட்டிலே இருக்கிறது!

இன்னொன்றையும் பாருங்கள். நுழைவுத் தேர்வில் முன்வரிசையில் வந்தவனுக்குக் குறைந்த கட்டணம், பின்வரிசைக்குச் செல்லச் செல்லக் கூடுதல் கட்டணம் என்று படி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. பின்வரிசையில் யார் நிற்பான்? பயிற்சிக்குப் பணமில்லாதவன்! பணமில்லாதவனிடமே அதிகப் பணம் கேட்கிறது அந்த நியாயத் தராசு!

தனியார் என்றாலே தீயவர் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வரலாறு நம் வாயை மூடும். 1949ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியவர் சி. ராஜம் என்ற தனியார். எப்படித் தொடங்கினார்? தாம் வாழ்ந்த பெரிய மாளிகையை விற்றார். கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழ வள்ளல் அழகப்பர் வாரிக் கொடுத்தார். 1794ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு இவ்விரண்டு கல்லூரிகளும் இணைந்து, 1978ல் உருவானதுதான் அண்ணாவின் பெயர் தாங்கும் பல்கலைக் கழகம். தனியாரின் கொடை பொதுச்சொத்தாயிற்று!

அன்று கல்லூரி திறக்க நிறுவனர் தம் வீட்டை விற்றார். இன்று கல்லூரிக்குள் நுழைய மாணவனின் தகப்பன் தன் நிலத்தை விற்கிறான். கல்வி கொடை என்பதற்கும் கல்வி கடை என்பதற்கும் இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா?

அதியமான் ஆண்ட தகடூர் மண் இது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அவன். ஆட்சி அறிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்த மண்ணின் மரபு. அறிவைக் காட்டி ஏழையிடமிருந்து எடுப்பது எந்த மரபு?

போகட்டும், பணத்தைக் கணக்கிடுவோம். கலந்தாய்வில் வரும் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017ல் கட்டணக் குழு விதித்தது, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக் கழகத்திலோ கணினிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் முதல் நாலைந்து லட்சம் வரை கேட்கும் இடங்கள் உண்டு. விடுதிக்கும் உணவுக்கும் தனி. நாம் மிகைப்படுத்தவில்லை. நான்காண்டுக்கு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் மட்டுமே கடன் என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்து வட்டி, பத்தாண்டுத் தவணை. மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது கட்டிய தொகை ஏறத்தாழ 15 லட்சத்து 85 ஆயிரம். படிக்கும் காலத்திலேயே ஏறும் வட்டியை இதில் நாம் சேர்க்கவில்லை.

சம்பளம் எவ்வளவு? பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களைக் கூட்டமாக வேலைக்கு எடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம், பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே நின்று வந்திருக்கிறது. மாதம் முப்பதாயிரத்தை எட்டுவதில்லை. அதில் 13,200 வங்கிக்கு. பெங்களூரிலோ சென்னையிலோ அறை வாடகை, உணவு, பேருந்து இவற்றுக்கு மீதி. ஊரிலே நிலம் விற்று வெறுங்கையோடு இருக்கும் தாய்தந்தைக்கு? விளம்பரத்தாளில் அச்சிட்டிருக்கும் “நாற்பது லட்சம் சம்பளம்” ஆயிரத்தில் ஒருவன் வாங்கியது. மற்றவர்கள் வாங்கியதை அச்சிடத் தாளில் இடமில்லை போலும்!

அந்த வேலையும் கல்லில் செதுக்கியதல்ல. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியரில் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவே செய்யத் தொடங்கிவிட்டது. கணினி படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. கணினித் துறை வேகமாக மாறும் துறை, ஆதலால் கடன் சுமையின்றி நுழைபவனே அதில் நிமிர்ந்து நிற்பான் என்பதே பொருள். கடன்காரன் முதலில் கிடைத்த வேலையைக் கும்பிட்டுக்கொண்டே காலம் கழிப்பான். கடனற்றவன் மேலே படிப்பான், புதியதைக் கற்பான், பிடிக்காத முதலாளியிடம் “போய் வருகிறேன்” என்று சொல்வான்!

“பணம் போனாலும் பாடம் உயர்ந்ததல்லவா?” என்று கேட்பார்கள். இங்கேதான் கணினிப் படிப்பின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் படிக்க மருத்துவமனை வேண்டும். இயந்திரம் படிக்கப் பட்டறை வேண்டும். கணினி படிக்கவோ ஒரு சாதாரண மடிக்கணினி, இணைய இணைப்பு, கணித அறிவு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஆசிரியர், கூட இருந்து போட்டியிடும் தோழர்கள் இவை போதும். உலகெங்கும் சர்வர்களை இயக்கும் லினக்ஸ் விலையில்லாப் பொருள். 1991ல் அதைத் தொடங்கியவர் ஹெல்சிங்கி என்னும் பின்லாந்துப் பொதுப் பல்கலைக் கழகத்தில் மாணவர். வலைத்தளங்களைச் சாமானியர் பார்க்க வழிசெய்த மொசைக் உலாவி, 1993ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பிறந்தது. அதுவும் அரசுப் பல்கலைக் கழகமே! ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை என்.பி.டி.இ.எல். திட்டம் 2003 முதல் இலவசமாகத் தருகிறது. அறிவு பொதுவில் கிடக்கிறது, பளிங்குக்கு மட்டும் பத்து லட்சம்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு தனியார் பல்கலைக் கழகமல்லவா, கூகுள் அங்கிருந்துதானே வந்தது என்பார்கள். உண்மை. ஆனால் அதன் பின்னே பெருங்கொடைகள் சேர்ந்த நிதி மலையாக நிற்கிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் கட்டணத்தைத் தானே ஏற்கிறது. அதன் பெயரைச் சொல்லி இங்கே மானாவாரி நிலத்துக்கு விலை பேசுவது, சிங்கத்தின் படம் போட்டுப் பூனை விற்கும் கதை!

பெயர் வேண்டுமென்றால் நம் பெயரையே சொல்வோம். கணினித் துறையின் மிகப் பெரிய பரிசு டூரிங் விருது. அதனைப் பெற்ற முதல் ஆசியர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1958ல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். எந்தப் பாடத்தில்? கட்டடப் பொறியியலில்! அந்தப் பட்டத்தோடு சென்றவர் 1994ல் கணினிக்கான விருதைப் பெற்றார். பாடப்பிரிவின் பெயர் தலையெழுத்தல்ல என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

பொதுத்துறைக் கல்வி குறையற்றது என்று நாம் கொடி பிடிக்கவில்லை. மறைப்பது நம் பழக்கமன்று. நிரந்தர ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளரைக் கொண்டு வகுப்பை நகர்த்தும் வழக்கம் பல ஆண்டுகளாக அரசுக் கல்லூரிகளில் இருந்து வருகிறது. மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018ல் லஞ்ச ஒழிப்புத் துறை அண்ணா பல்கலைக் கழகத்தில் வழக்குப் பதிந்தது. 2024 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடந்த வழக்கிலே அந்த நாற்காலி நெடுநாள் காலியாய்க் கிடந்தது. ஒரே பேராசிரியரின் பெயர் பல தனியார் பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. அக்கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கிய அண்ணா பல்கலைக் கழகமும் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் பல ஊரில் பாடம் நடத்தினாராம். புராணத்தில்தான் இப்படிப் படித்திருக்கிறோம்!

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பொதுக் கல்லூரி பழுதானால் சட்டமன்றத்தில் கேட்கலாம், சாலையில் நின்று கேட்கலாம், வாக்குச்சாவடியில் கேட்கலாம். தனியார் மாளிகை பழுதானால் யாரைக் கேட்பது? கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டாலே காவல்காரன் வருவான். நம் வீட்டுக் கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோம். வீட்டையா விற்றுவிடுவோம்?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் கலந்தாய்வு. தகுதி மதிப்பெண் இடம் கொடுத்தால் கிண்டியும் குரோம்பேட்டையும் முதல் விருப்பம். அடுத்து அரசுப் பொறியியல் கல்லூரிகள். நம் மாவட்டத்திலேயே செட்டிக்கரையில் 2013ல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. பர்கூரில் 1994ல் தொடங்கியது, சேலத்தில் 1966ல் தொடங்கியது என அருகிலேயே இன்னும் இரண்டு. பளிங்கு இல்லை என்று முகம் சுளிக்க வேண்டாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரமே பாதிக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

அங்கே இடமில்லையெனில், கலந்தாய்வில் வரும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். அவற்றிலும் 7.5 விழுக்காடு உண்டு, முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக் கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். கணினிப் பிரிவுக்குத் தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாமாண்டு மாணவன் ஒருவனைக் கல்லூரி வாயிலுக்கு வெளியே நிறுத்தி, “ஆசிரியர் வருகிறாரா?” என்று விசாரியுங்கள். விளம்பரத்தாள் சொல்லாததை அவன் சொல்வான்.

அதுவும் அமையவில்லையா? அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு கணினி அறிவியல் படித்து, பின்னர் பொது நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம். சுற்றுவழிதான். ஆனால் சுங்கச்சாவடி இல்லாத வழி!

தனியார் பல்கலைக் கழகம் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்து அழைக்கிறதா? எழுத்தில் வாங்கிக்கொண்டு தாராளமாகச் செல்லட்டும். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கிச் செல்வது மட்டும் வேண்டாம்.

இனி, நம் தோழர்களுக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, தருமபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம் நம்முடையது. இப்படிப்பட்ட மாவட்டத்தில், சலுகை இருப்பதே தெரியாமல் தரகரிடம் முன்பணம் கட்டுபவர் இருந்தால் அது அவர் குற்றமல்ல. அவரிடம் செய்தி சேர்க்காத நம் குற்றம். தேநீர்க் கடையையும் முடிதிருத்தகத்தையும் பள்ளிக்கூடமாக்கியது இந்த இயக்கம். பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்ட படிப்பகங்கள் அதன் கோட்டைகள். அந்தப் படிப்பகங்களில் மே மாதம் முழுவதும் ஒரு மேசை போடுங்கள். படித்த இளைஞர் ஒருவர் உட்காரட்டும். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யக் கற்றுக் கொடுக்கட்டும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்த சான்று இவற்றை வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் உடன் செல்லட்டும். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கட்டும்.

அதே மூச்சில் ஆள்வோரிடமும் கேளுங்கள், ஆள்வது யாராயினும்! செட்டிக்கரையில் எத்தனை ஆசிரியர் இடம் காலி? எப்போது நிரப்புவீர்கள்? விடுதியில் இன்னும் எத்தனை பேருக்கு இடம் தருவீர்கள்? 93வது திருத்தம் கொடுத்த அதிகாரத்தைத் தில்லி எப்போது பயன்படுத்தும்? பதில் வரும்வரை கேளுங்கள்.

பெங்களூரின் மென்பொருள் மாளிகைகளுக்குக் கல் சுமந்தவன் தருமபுரித் தொழிலாளி. கலவை சுமந்தவள் அவன் மனைவி. கட்டி முடித்தபின் வெளிக்கதவோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்த மாளிகைக்குள் அவர்கள் பிள்ளை நுழையட்டும், நாற்காலியில் அமரட்டும். அதற்குத் தன் மண்ணை விற்றுவிட்டு நுழைய வேண்டியதில்லை. பொதுவாசல் திறந்திருக்கிறது. அதை அகலமாக்குவது நம் வேலை, அதன் வழியே நடப்பது பிள்ளையின் உரிமை.

காணியும் இருக்கட்டும். கணினியும் கற்கட்டும்!